தில்லிக்காரரின் ஒற்றை ஓட்டு

இந்த நாட்டில் நான் பார்த்த ஒரே அசல் ஜனநாயகவாதிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் பரவை கிராமத்தில் அவரைத் தில்லிக்காரர் என்பார்கள். தில்லிக்கு அவர் போனதில்லை. வடக்கே அவர் கண்ட கடைசி எல்லை திண்டுக்கல். அதுவும் மாடு வாங்கப் போய், விலை படியாமல் வெறுங்கையோடு திரும்பிய பயணம். இருந்தாலும், தில்லியைத் தானும் வைசிராயும் சேர்ந்துதான் நடத்துகிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. வைசிராய் தன் பங்கு வேலையைச் சரியாகச் செய்வதில்லை என்ற மனக்குறை மட்டும் உண்டு.

இன்றைய வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரெவின்யூ இலாகாவில் காலம் தள்ளியவனுக்கு விளக்கம் சொல்லாமல் தூக்கம் வராது.

வெள்ளைக்காரன் காலத்தில் தில்லி சட்டசபைக்கு மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி என்று மூன்று ஜில்லாக் கிராமங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு தொகுதி வைத்திருந்தார்கள். கொடைக்கானல் குளிரில் ஆரம்பித்துத் திருச்செந்தூர்க் கடலில் போய் முடியும். முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி. அது தனிக் கதை. பிரதிநிதியாக வந்தவர் தன் தொகுதியை ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் சட்டசபையைக் கலைத்துவிடுவார்கள்.

இவ்வளவு பெரிய தொகுதியில் ஓட்டு யாருக்கு என்று கேட்பீர்கள். நிலத்துக்கு இத்தனை ரூபாய்க்கு மேல் தீர்வை கட்டுகிறவருக்கு உண்டு. அதற்குக் கீழே கட்டுகிறவர் வேதவியாசராகவே இருந்தாலும் கிடையாது. பரவையில் நான் குடியிருந்த தெருவில் நாற்பது வீடு இருக்கும். ஓட்டு ஒன்றே ஒன்று. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த நான்தான் அந்தப் பகுதியின் ஓட்டர் ஜாபிதாவை, அதாவது வாக்காளர் பட்டியலை, உட்கார்ந்து எழுதியவன். எனக்கு ஓட்டு இல்லை. ஒரே ஓட்டு தில்லிக்காரருக்கு.

அவருடைய நிலமும் அவர் ஒருவருடையது அல்ல. அவரும் தம்பி சின்னக்காளையும் பாகம் பிரியாத கூட்டுக் குடும்பம். மூத்தவர் பெயரில் பட்டா. அதனால் மூத்தவர் பெயரில் ஓட்டு. இந்த விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதுதான் வினையாக வந்தது.

ஓட்டு வந்த பிறகு தில்லிக்காரர் தன் உடம்பைச் சர்க்கார் கட்டடம்போலப் பராமரிக்க ஆரம்பித்தார். அதற்கு முன்னால் பொங்கலுக்குப் பொங்கல் அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் மாடு அணைந்தவர். ஒரு வருஷம் திடீரென்று வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

“என்ன அண்ணே, பயமா?” என்று கேட்டேன்.

“மாடு முட்டி நாஞ் செத்தா எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. தெருவுக்கு வாய் போயிருமே.”

வைகையில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் குளிக்க மாட்டார். புளியமரத்தடியில் படுக்க மாட்டார். அவர் ஒரு தும்மல் தும்மினால் போதும், நாலு வீட்டிலிருந்து சுக்குக் காப்பி வந்துவிடும். அவர் மனைவி பேச்சியம்மாளுக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

“இந்த மனுசன் தும்முனா சுக்குக் காப்பி வருது. நான் குளுரு காச்சல்ல கெடந்தா நாய்கூட எட்டிப் பாக்கல. கிளார்க்குத் தம்பி, எம்பேருக்கும் ஒரு ஓட்டு எழுதி வைங்க. ஆபீசுல மிச்சம் மீதி இல்லாமலா இருக்கும்?”

முப்பதுகளின் நடுவில் ஒரு தேர்தல் வந்தது. போட்டியில் இரண்டு பேர். ஒருவர் மதுரை வக்கீல், கதர் கட்டியவர். இன்னொருவர் பெரிய நிலக்காரர், சரிகைத் தலைப்பாகை கட்டியவர். தலைப்பாகைக்காரரின் ஏஜெண்டு ஒரு நாள் புழுதி பறக்க மோட்டாரில் வந்து இறங்கினார்.

“இங்க ஓட்டர் யாருய்யா?”

“நாங்கதான்” என்றது கூட்டம்.

ஏஜெண்டு கையிலிருந்த ஜாபிதாவைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தில் இடுப்பில் குழந்தையோடு நின்றவர்களும், கையில் களைக்கொட்டோடு நின்றவர்களும் இருந்தார்கள்.

“இந்தத் தெருவுக்கு ஒரு ஓட்டுத்தானேய்யா?”

தில்லிக்காரர் முன்னால் வந்தார். “ஆமாங்க. ஓட்டு ஒண்ணு, ஆளு இம்புட்டுப் பேரு. வாய்க்கா ஒண்ணுதான், வயக்காடு எம்புட்டு இருக்கு? மடை எம்பேருல இருக்குங்க. தண்ணி என்னுதில்ல. எசமான் எதுவும் சொல்றதா இருந்தா எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க.”

ஏஜெண்டுக்கு இப்படி ஒரு ஓட்டரைக் கையாளும் முறை எந்தக் கட்சியிலும் சொல்லித் தரப்படவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த பட்டு அங்கவஸ்திரத்தை மெதுவாக நீட்டினார்.

“எல்லாருக்கும் கொண்டாந்திருக்கீகளா?” என்று கேட்டார் தில்லிக்காரர். முத்தாயி என்று ஒரு கிழவி, மோர் விற்கிறவள், “எனக்குச் செவப்புக் கலருல குடுங்க சாமி” என்று கையை ஏந்தினாள். அங்கவஸ்திரம் மறுபடியும் மோட்டாருக்குள் போனது. பின்னாலேயே ஏஜெண்டும் போனார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நெல் அடிக்கும் களத்தில் தெருவின் சொந்தத் தேர்தல் நடந்தது. இரண்டு பானைகள். கதர் வக்கீலின் பானைக்குச் சுண்ணாம்புப் பட்டை, தலைப்பாகைக்காரர் பானைக்குக் காவிப் பட்டை. இரண்டையும் ஓலைத் தட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்தார் தில்லிக்காரர். எந்தப் பானையில் கொட்டை அதிகமோ அவருக்குத்தான் தெருவின் ஓட்டு. சர்க்கார் ஓட்டைத் தீர்வை பார்த்துக் கொடுத்தது. தில்லிக்காரர் பல் பார்த்துக் கொடுத்தார்.

“பால் பல்லு விழுந்து மொளச்ச ஆளு எல்லாருக்கும் உண்டு. ஆம்பள பொம்பள பாக்கப்படாது.”

முதல் வழக்கே முத்தாயியால் வந்தது. “இவளுக்கு எப்படிக் குடுப்பீக?” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். “பல்லு விழுந்தது வாஸ்தவம். மொளைக்கக் காணோமே!”

“ஒரு தடவ மொளச்சுத்தானடா உங்கப்பன் கலியாணத்துல முறுக்குக் கடிச்சேன்!” என்றாள் முத்தாயி. தில்லிக்காரர் யோசித்து, கொட்டை கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். அப்பீல் கிடையாது.

பேச்சியம்மாள் கொட்டையை வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: “வீட்டுல என்ன கொழம்பு வைக்கன்னு ஒரு நாளு என்னையக் கேட்டதில்ல. தில்லிக்கு யாரு போகணும்னு மட்டும் கேக்குறாரு பாத்தீகளா?”

எண்ணும்போது பெரிய முறைகேடு அம்பலமானது. கொட்டைகள் ஆட்களைவிட அதிகமாக இருந்தன. தில்லிக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“இதுல செலது வறுத்த கொட்டை. எவன்டா மடியில கட்டித் தின்னுக்கிட்டு வந்தவன்? வறுத்தது செல்லாது! மொளைக்கிற கொட்டைதான் ஓட்டு.”

பின்னாளில் எத்தனையோ தேர்தல் விதிப் புத்தகங்களைப் படித்துவிட்டேன். செல்லாத ஓட்டுக்கு இவ்வளவு தெளிவான இலக்கணத்தை எதிலும் பார்க்கவில்லை.

கதர் வக்கீல்தான் ஜெயித்தார். அறிவித்தபோது தில்லிக்காரரின் முகம் செத்துப்போயிருந்தது. விசாரித்தால், அவருக்குத் தலைப்பாகைக்காரர் மேல்தான் பிரியம். பஞ்சத்தில் இவர் அப்பாவுக்கு விதைநெல் கொடுத்த குடும்பம் அது.

“அப்ப நீங்களும் ஒரு கொட்டை போட்டிருக்கலாமே அண்ணே” என்றேன்.

“எனக்கேது தம்பி கொட்டை? மடை ஏன் தண்ணி குடிக்குது?”

அந்தக் களத்தில் கொட்டை இல்லாதவர் அவர் ஒருவர்தான். சொந்தப் பிரியத்தை வீட்டில் வைத்துவிட்டுத் தெருவின் பிரியத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டுச் சாவடிக்கு வந்தார்.

சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில். நானும் அங்கே எழுத்து வேலைக்குப் போட்டிருந்த ஆள். வாசல் வரை தெரு முழுக்க அவரோடு வந்தது. எழுதத் தெரியாத ஓட்டரைச் சாவடி அதிகாரி தனியே ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், யாருக்கு என்று காதில் கேட்டு, தானே சீட்டில் குறிக்க வேண்டும். இதுதான் நடைமுறை. எங்கள் அதிகாரி சாந்தமான, வயதான மனிதர். அவர் தன் காதைச் சாய்த்தார்.

“யாருக்குன்னு மெதுவா என் காதுல சொல்லும்.”

“காதுல என்னத்துக்குங்க? நான் என்ன கடனா கேக்க வந்தேன்?” என்ற தில்லிக்காரர், களத்தில் மாடு விரட்டும் குரலில் சொன்னார்: “தெரு முடிவு, கதர் வக்கீலுக்கு!”

வாசலில் ஆரவாரம் எழுந்தது. அதிகாரியின் பென்சில் கீழே விழுந்தது.

“ரகசியம்யா! ஓட்டு ரகசியம்!”

“தெரு பூராவும் தெரிஞ்சதுல என்னங்க ரகசியம்?”

அதிகாரி குறித்து, மடித்து, பெட்டியில் போட வைத்தார். போட்டுவிட்டுத் தில்லிக்காரர் கையை நீட்டியபடியே நின்றார்.

“இன்னும் என்னய்யா?”

“ரசீது.”

“ஓட்டுக்கு ரசீதெல்லாம் கிடையாது.”

“தீர்வை கட்டுனா ரசீது தாரீகள்ல? அதப் பாத்துத்தான ஓட்டே குடுத்தீக? ஓட்டுக்கு மட்டும் ஏன் இல்ல? நான் சத்தமாச் சொன்னேன், சரி. நீங்க அதத்தான் குறிச்சீகங்கறதுக்குத் தெருவுக்கு நான் என்ன அத்தாட்சி காமிக்கிறது?”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். அதற்குள் வாசலிலிருந்து முத்தாயியின் குரல் வந்தது.

“நாங்க நம்புறோம்ப்பா! நீ வெளிய வா, கஞ்சி ஆறுது!”

ரசீது இல்லாமலே தில்லிக்காரர் வெளியே போனார். மூன்று ஜில்லாவையும் எண்ணி முடித்தபோது கதர் வக்கீல் ஏராளமான ஓட்டில் ஜெயித்திருந்தார். பரவைக்காரர்களைக் கேட்டால், மற்ற ஓட்டுகளெல்லாம் துணைக்கு வந்தவை.

அதற்குப் பிறகு யுத்தம் வந்தது. தேர்தலைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். சீமெண்ணெய்க்கும் அரிசிக்கும் திண்டாட்டம். அந்தச் சமயத்தில்தான் தம்பி சின்னக்காளை பாகம் கேட்டான்.

தில்லிக்காரர் நேராக என்னிடம் வந்தார்.

“தம்பி, நெலத்த ரெண்டாப் பிரிச்சா ஓட்டும் ரெண்டாயிருமா?”

“ஆகாது அண்ணே. தீர்வை ரெண்டாகும். ஆளுக்குப் பாதிதான் கட்டுவீங்க. பாதிக்கு ஓட்டு இல்ல. உங்களுக்கும் போயிரும், தம்பிக்கும் வராது.”

“ரெண்டு பாதியச் சேத்தா முழுசுதான?”

“கணக்குல முழுசு. சர்க்காருல இல்ல.”

“பிரிச்சுக்கிட்டு, பட்டா மட்டும் எம்பேருலயே இருந்தா?”

“தம்பி சம்மதிக்கணுமே.”

தம்பி சம்மதிக்கவில்லை. தெரு முழுக்க அவனிடம் தூது போய்ப் பார்த்தது. இந்தத் தெருவுக்கென்று தில்லியில் இருக்கிற ஒரு வாய், அதையும் அடைக்கலாமா என்று கேட்டது. சின்னக்காளை கெட்டவன் அல்ல. அதிகம் பேசவே தெரியாதவன். என் வீட்டு வாசலில் நின்று ஒரே மூச்சில் சொன்னான்:

“அண்ணனுக்கு ஓட்டு இருக்கு. தெருவுக்கு அண்ணன் இருக்காரு. எனக்கு என்னண்ணே இருக்கு? கஞ்சியில உப்பு பத்தலன்னாகூட மதினியக் கேட்டுத்தான் போடணும். எம்பொண்டாட்டி தன்னோட அடுப்புல ஒரு நாளு எம்புள்ளைகளுக்குச் சோறு பொங்கணும்னு நெனைக்கா. ஒரு ஓட்டுக்காக ஆயுசு பூரா ஒரே அடுப்பா?”

நான் சட்டத்தில் பதில் தேடினேன். சட்டம் அவன் பக்கம்தான் இருந்தது.

மறுபடியும் களத்தில் இரண்டு பானைகள் வைக்கப்பட்டன. சுண்ணாம்புப் பட்டை என்றால் சேர்ந்தே இருக்க வேண்டும்; காவிப் பட்டை என்றால் பிரியலாம். தெருவே வற்புறுத்தி வைத்த தேர்தல் இது. தில்லிக்காரர் வழக்கம்போல ஆளுக்கொரு கொட்டை கொடுத்துவிட்டு, தான் வெறுங்கையோடு ஒதுங்கி நின்றார்.

சுண்ணாம்புப் பானை நிறைந்திருந்தது. காவிப் பானையைக் கவிழ்த்தபோது மூன்று கொட்டைகள் விழுந்தன. ஒன்று சின்னக்காளையுடையது. ஒன்று அவன் மனைவியுடையது. மூன்றாவது யாருடையது என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“என்னுதுதான்” என்றாள் பேச்சியம்மாள். “அவ ஒருத்திக்குத்தான் தனி அடுப்பு ஆசையா? எனக்கும் கொழுந்தன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு.”

களம் சிரித்தது. சின்னக்காளை மட்டும் சிரிக்கவில்லை. தோற்றுப்போனவனாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மாட்டை அவிழ்க்கப் போனான். அண்ணன் சொல்லை மட்டுமல்ல, தெருவின் சொல்லையும் அவன் மீற மாட்டான். அது எல்லாருக்கும் தெரியும். தில்லிக்காரருக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

அவர் குனிந்து, கூடையில் மிச்சமிருந்த கொட்டைகளில் ஒன்றை எடுத்தார். அத்தனை வருஷத்தில் அவர் தனக்கென்று கொட்டை எடுத்தது அதுதான் முதல் தடவை. நடந்துபோய், காலியாகக் கிடந்த காவிப் பானைக்குள் போட்டார். வெறும் பானைக்குள் அது விழுந்த சத்தம் நன்றாகவே கேட்டது.

“நாலு” என்றார்.

“நாலா இருந்தாலும் தோத்ததுதானப்பா?” என்றாள் முத்தாயி. “தெரு சொன்னதத்தான் செய்வேன்னு சொன்ன ஆளு நீ!”

“சொன்னேன் ஆத்தா. தில்லிக்கு யாரு போகணும்னு தெரு சொல்லலாம். எந்தம்பி எந்த அடுப்புல கஞ்சி காச்சணும்னு தெரு எப்படிச் சொல்லும்? இந்தப் பானைய நான் வச்சிருக்கவே கூடாது. தப்பு எம்மேலதான்.”

“அப்ப ஓட்டு?”

தில்லிக்காரர் கொட்டைகளைக் கூடையில் கொட்டினார். இரண்டு பானைகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப் பார்த்தார். அவை ஒரே அளவு, அடங்கவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார், அப்போதும் அடங்கவில்லை. கடைசியில் கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு, “போகட்டும்” என்றார்.

அந்த மாதமே பாகம் பிரிந்தது. பட்டா மாறுதல் என் மேஜைக்கு வந்தது, நானே எழுதினேன். அடுத்த ஜாபிதா தயாரானபோது அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்ததும் நான்தான். காரணம் எழுத ஒரு பத்தி உண்டு. ‘தகுதி இழந்தார்’ என்று எழுதுவது வழக்கம். அந்தச் சொல்லை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வேறு சொல் எழுத விதி இல்லை. எழுதினேன்.

“இனிமே தும்முங்க பாப்போம். எவ சுக்குக் காப்பி கொண்டாரான்னு பாக்குறேன்” என்று பேச்சியம்மாள் சவால் விட்டாள். அந்த மழைக்காலத்தில் தில்லிக்காரர் தும்மினார். காப்பி வந்தது. முதலில் வந்தது சின்னக்காளை வீட்டுப் புது அடுப்பிலிருந்து.

யுத்தம் முடிந்ததும் தில்லி சட்டசபைக்கு மறுபடி தேர்தல் வந்தது. அதுதான் அந்த மூன்று ஜில்லா மூட்டைக்குக் கடைசித் தேர்தல். அதற்குப் பிறகு நாடும் மாறியது, தொகுதியும் மறைந்தது. பரவைத் தெருவுக்கு எந்த மோட்டாரும் வரவில்லை. ஓட்டு இல்லாத தெருவுக்குப் பெட்ரோல் செலவழிக்க யாருக்குப் பைத்தியம்?

நான் அப்போது பதவி உயர்ந்து, அதே பள்ளிக்கூடச் சாவடிக்கு அதிகாரியாக வந்திருந்தேன். வெயில் ஏறிய நேரம், ஓட்டர் யாருமில்லை. வாசலில் தில்லிக்காரரின் தலை தெரிந்தது. வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. பின்னால், தூரத்தில், மரத்தடியில் தெரு நின்றுகொண்டிருந்தது. யாரும் சத்தம் போடவில்லை.

எழுந்து வாசலுக்குப் போனேன். “அண்ணே, உங்க பேரு இல்லையே” என்றேன்.

“தெரியும் தம்பி. உள்ள வரல.” அவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். “நேத்துக் களத்துல பானை வச்சோம். முத்தாயிகூட வந்து போட்டுச்சு. முடிவு ஆயிருச்சு. அத எங்கயாவது சொல்லணும்ல? கணக்குல சேக்க வேணாம். சொல்லிப்புட்டுப் போறேன்.”

ஓட்டர் அல்லாத ஒருவரின் ஓட்டைச் சாவடி அதிகாரி காதால் கேட்டுக்கொள்ளலாமா என்பதற்கு எந்த விதியும் இல்லை. கூடாது என்றும் இல்லை. நடைமுறை தெரிந்தவன் என்ற முறையில் நான் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தேன்.

களத்தில் மாடு விரட்டும் அந்தக் குரல், அன்றைக்கு என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பெயரைச் சொன்னது. சொல்லிவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு.

“இப்ப எனக்கும் ஒரு கொட்டை உண்டு தம்பி. மடை இல்லைல்ல, நானும் வயக்காடுதான். நான் போட்ட ஆளுதான் களத்துல செயிச்சாரு.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார். அங்கிருந்து எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான், அதிகாரி என்பதையும் மறந்து, கேட்டுக்கொண்டேன் என்று கையை உயர்த்திக் காட்டினேன். ரசீது என்று ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அந்தப் பெயர் எது என்று பல பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். தில்லிக்காரர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது, இனிச் சொன்னால் என்ன என்கிறார்கள். சொல்ல முடியாது. ஓட்டின் ரகசியம் காப்பதாக அன்று காலையில்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.